ரிசர்வேஷன் படிவமும் ஆறு அங்குலத் திரையும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. போன மாதம் ஊரிலிருந்து அப்பா வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். அதைப் பார்த்த பிறகு இனியும் தள்ளிப்போட முடியாது என்று ஆகிவிட்டது.

முதலில் நம்ம ஏரியாவைப் பற்றி இரண்டு வரி. நான் இருப்பது புனேயில் லோஹேகாவ். விமானப்படைத் தளமும் ஏர்போர்ட்டும் ஒரே ஓடுபாதையைப் பங்கு போட்டுக்கொள்ளும் இடம். ஊருக்குப் போன் பேசும்போது சுகோய் ஒன்று தலைக்கு மேலே போனால், "என்னலே, அங்க மழையா? இடி இடிக்கு?" என்று அம்மா கேட்பாள். ஏர்போர்ட்டு கூப்பிடு தூரம்தான். 2024இல் புது டெர்மினல் வேறு திறந்தாயிற்று. ஆனால் நான்கு பேர் கொண்ட குடும்பம் திருநெல்வேலிப் பக்கம் போக சென்னையில் இறங்கி மாறி, அங்கிருந்து தூத்துக்குடி போய், அப்புறம் கார் பிடித்து... பேங்க் ஆபீஸர் சம்பளத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை அதெல்லாம் நடக்கிற காரியமா? பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புனே ஜங்ஷன்தான் நமக்குக் கதி. மும்பை - நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்தான் நமக்குத் தேர். உங்களில் பலருக்கு அது மதுரை வண்டியாகவோ கோயம்புத்தூர் வண்டியாகவோ இருக்கும். கதை ஒன்றுதான்.

சரி, கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் சுற்றிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா என்னைத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கவுண்டரில் கொடுக்க வேண்டிய படிவத்தை வாங்கி, மடியில் ஒரு நோட்டை வைத்து, அதன் மேல் படிவத்தை வைத்து நிரப்புவார். வண்டி எண், பெயர், தேதி, வகுப்பு, எத்தனை பெர்த், எங்கிருந்து எங்கே, பயணிகளின் பெயர், ஆணா பெண்ணா, வயது, கீழ் பெர்த்தா மேல் பெர்த்தா. ஒரு படிவத்தில் ஆறு பேர்தான். அதே தாளில் திரும்பி வரும் பயணத்துக்கும் இடம் உண்டு. கடைசியில் முகவரி, கையெழுத்து. மேலே ஓரத்தில் ஒரு கட்டம்: நீங்கள் மருத்துவரா, ஆம் என்றால் டிக் செய்யவும், அவசரத்தில் உதவியாக இருக்கும். அப்பா ஒவ்வொரு முறையும் அந்த இடம் வந்ததும், "ஏல, இத மட்டும் தெரியாம டிக் பண்ணிராத. நடு ராத்திரி எழுப்பி ஊசி போடச் சொல்லிருவான்" என்பார். ஒவ்வொரு முறையும் சிரிப்போம்.

அப்போது தெரியாது, நான் பார்த்த முதல் யூசர் இண்டர்ஃபேஸ் அதுதான் என்று :-)

நான் படித்தது பி.காம். டிசைன் பற்றியெல்லாம் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஆனால் ரயில் டிக்கெட்டின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால், அதன் அஸ்திவாரமே கணக்குப்பிள்ளை வேலைதான். இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்று ஒருவர். மரச்சாமான் செய்கிற தொழிலில் இருந்து திவாலாகி, நியூகாசில் - கார்லைல் ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்தவர். அதுவரை டிக்கெட் என்றால் கிளார்க் கையால் எழுதிக் கொடுக்கும் சீட்டு. கூட்டம் சேர்ந்தால் அதோகதி. யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கணக்கில் வந்தது என்பதும் ஆண்டவனுக்கே வெளிச்சம். 1830களின் பின்பகுதியில் எட்மண்ட்சன் கெட்டி அட்டையில் முன்கூட்டியே அச்சடித்து, வரிசை எண் போட்ட டிக்கெட்டைக் கொண்டுவந்தார். தேதி குத்த ஒரு சின்ன மெஷின்.

இதில் பெரிய விஷயம் அட்டை இல்லை, அந்த வரிசை எண். காலையில் கட்டின் மேல் இருக்கும் எண், சாயங்காலம் இருக்கும் எண். கழித்தால் விற்ற டிக்கெட். கட்டணத்தால் பெருக்கினால் பெட்டியில் இருக்க வேண்டிய பணம். எங்கள் பேங்கில் டிடி புத்தகத்தையும் செக் புத்தகத்தையும் இப்படித்தான் சரி பார்ப்போம். ஒரு திவாலான ஆசாரி கண்டுபிடித்த ஆடிட் முறை உலகம் முழுக்க 150 வருஷத்துக்கு மேல் ஓடியது. நம் ஊரில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தர் - தாணே வண்டி, 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் போன தென்னகத்தின் முதல் பயணிகள் வண்டி என்று ஆரம்பித்து, நாம் சின்ன வயதில் சேர்த்து வைத்து விளையாடிய அந்த அட்டை டிக்கெட் எல்லாம் எட்மண்ட்சன் அளவுதான். இரண்டேகால் அங்குல நீளம். 2002க்குப் பிறகு கம்ப்யூட்டரில் அச்சாகும் சாதாரண டிக்கெட் பரவி, அட்டை மெல்ல மறைந்தது.

முன்பதிவு வேறு சமாச்சாரம். ஒரு குறிப்பிட்ட தேதியில், ஒரு குறிப்பிட்ட வண்டியில், ஒரு குறிப்பிட்ட பெர்த்தை ஒருவருக்கு மட்டும் விற்க வேண்டும். கம்ப்யூட்டர் வரும் முன் அதற்கு இருந்தது பெரிய பெரிய லெட்ஜர்கள். ஒரு வண்டிக்கு ஒரு புத்தகம், ஒரு தேதிக்குப் பக்கம். அந்தப் புத்தகம் எந்தக் கவுண்டரில் இருக்கிறதோ அங்கேதான் அந்த வண்டிக்கு டிக்கெட். தப்பான க்யூவில் இரண்டு மணி நேரம் நின்றவன் கதை எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். வெளியூரிலிருந்து திரும்பி வர இடம் வேண்டுமென்றால் தந்தி போகும், பதில் வரும், வராமலும் போகும். லெட்ஜரில் பென்சிலால் எழுதிய பெயரை அழிப்பது எவ்வளவு சுலபம் என்பது கணக்கு எழுதிய எல்லாருக்கும் தெரியும். புரோக்கர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

1985 - 86இல் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு வந்தது. அரசு நிறுவனமாக இருந்த சி.எம்.சி. எழுதிய மென்பொருள் அது. அதே 1986இல் ரயில்வே தனக்கென்று கிரிஸ் என்ற தகவல் தொழில்நுட்ப அமைப்பைத் தொடங்கியது. அடுத்த சில வருஷங்களில் சென்னை, பம்பாய், கல்கத்தா, செகந்திராபாத் என்று தனித்தனி மையங்கள். தனித்தனி என்பதைக் கவனியுங்கள். அவை ஒன்றோடு ஒன்று பேசாது. கான்செர்ட் என்ற புதிய மென்பொருள் 1994இல் செகந்திராபாத்தில் முதலில் வந்து, 1999 ஏப்ரலில்தான் ஐந்து மையங்களும் முழுசாக இணைந்தன. புனேயில் உட்கார்ந்துகொண்டு நாகர்கோவிலிலிருந்து கிளம்பும் டிக்கெட்டை வாங்க முடிந்தது இதனால்தான். வெளியூரில் வேலை பார்க்கும் நம் மாதிரி ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று இப்போது பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. அந்த ஐந்து மையங்களின் தடயம் இன்றும் உங்கள் பி.என்.ஆர். எண்ணில் இருக்கிறது. முதல் இலக்கம் 4 அல்லது 5 என்றால் சென்னை மையம், 8 அல்லது 9 என்றால் மும்பை. எடுத்துப் பாருங்கள்.

இந்தப் பழைய காலத்துத் தடயங்கள்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. ஸ்டேஷன் கோடு ஒரு நல்ல உதாரணம். சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். அதாவது மெட்ராஸ். ஊர்ப் பெயர் மாறி, 2019இல் ஸ்டேஷனுக்கு எம்.ஜி.ஆர். பெயரும் வைத்தாயிற்று. கோடு மட்டும் மெட்ராஸாகவே இருக்கிறது. கன்னியாகுமரிக்கு சி.ஏ.பி.இ. கேப் காமரின் நினைவு. திருநெல்வேலி டி.இ.என்., திருச்சி டி.பி.ஜே. இதெல்லாம் ரயில்வே ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சுருக்கெழுத்து. அவர்களுக்கு மனப்பாடம். கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வரை அதில் தப்பே இல்லை. அங்கே இருந்தவர் வேகமாக நான்கு எழுத்து தட்டினார், நமக்கு டிக்கெட் வந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டு அதே திரையை நம் பக்கம் திருப்பி வைத்தபோதுதான் சிக்கல்.

பெயருக்கும் இதே கதி. படிவத்தில் பெயர் பதினைந்து எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று போட்டிருக்கும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சங்கரநாராயணன். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், சரியாகப் பதினாறு. கடைசி 'ன்' பிளாட்பாரத்திலேயே நின்றுவிடும். இனிஷியலுக்கு இடமே இல்லை. கம்ப்யூட்டரில் இடம் விலை உயர்ந்ததாக இருந்த காலத்தில் போட்ட கணக்கு அது.

அந்தத் திரும்பல் நடந்தது 2002 ஆகஸ்டில். 1999இல் தொடங்கப்பட்ட ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. நினைவிருக்கிறதா? அப்போது அது ஐ-டிக்கெட். பணத்தைக் கட்டினால் டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். எத்தனை பேரிடம் கிரெடிட் கார்டு இருந்தது, எத்தனை பேங்கில் நெட் பேங்கிங் இருந்தது? 2005 ஆகஸ்டில் இ-டிக்கெட் வந்தது. நாமே அச்சடித்துக்கொள்ளலாம். அதன் பிறகு கூட்டம் கூட்டமாக எல்லாரும் உள்ளே வந்தார்கள். காலை நேரத்தில் மொத்த இந்தியாவும் ஒரே கதவை இடித்தது. 2014இல் புதிய அமைப்பு வந்தபோது நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட்டாக இருந்த திறனை 7,200 ஆக்குவதாக அந்த வருஷ ரயில்வே பட்ஜெட்டில் சொன்னார்கள். 2017 ஜனவரியில் ரெயில் கனெக்ட் ஆப். 2025 ஜூலை 1இல் முன்பதிவு, சாதாரண டிக்கெட், பிளாட்பாரம் டிக்கெட் எல்லாம் ஒன்றாக ரெயில்ஒன் என்ற ஆப். இப்போது முன்பதிவு டிக்கெட்டில் பத்தில் எட்டுக்கு மேல் இணையத்தில்தான் போகிறது.

வேகத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு பெரிய கூட்டத்தை இவ்வளவு சின்ன நேரத்தில் சமாளிக்கும் வேலை உலகத்தில் அதிகம் பேருக்கு இல்லை. என் கேள்வி வேறு.

கவுண்டரில் இருந்த கிளார்க் டிக்கெட் மட்டும் அடிக்கவில்லை. படிவத்தை வாங்கியதும் ஒரு பார்வை பார்ப்பார். "பதினாலாம் தேதி இந்த வண்டி கிடையாது சார், பதினஞ்சு போடவா?" "வெயிட்டிங் முப்பது, வேண்டாம், ஆர்.ஏ.சி. இருக்கிற வண்டி சொல்றேன்." எரிந்து விழுவார், அது வேறு. ஆனால் தப்பைப் பிடித்துவிடுவார். அமெரிக்காவில் டொனால்ட் நார்மன் 1988இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று நாம் குழம்பினால் தப்பு நம்மேல் இல்லை, கதவைச் செய்தவர்மேல் என்பது அதன் சாரம். ஜேக்கப் நீல்சன் 1994இல் பத்து விதிகள் சொன்னார். இப்போது என்ன நடக்கிறது என்று திரை எப்போதும் சொல்ல வேண்டும், மக்கள் பேசும் பாஷையில் பேச வேண்டும், தப்பு நடந்த பிறகு திட்டுவதை விடத் தப்பு நடக்காமல் தடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். எங்கள் ஜங்ஷன் கிளார்க் இவர்கள் யாரையும் படித்ததில்லை. ஆனால் இந்த மூன்றையும் வாயாலேயே செய்துகொண்டிருந்தார்.

தேதி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். 2019. பெரியப்பா தவறிவிட்டார். உடனே போக முடியவில்லை, பேங்கில் ஆடிட். பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்விட வேண்டும் என்று ஒரு தனியார் ஆப்பில் (பெயர் வேண்டாம்) டிக்கெட் போட்டேன். மும்பையில் ராத்திரி கிளம்பும் வண்டி புனேவைத் தொடும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அதாவது வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக் கிளம்பினால் வண்டி ஏறுவது சனிக்கிழமை. நான் சனிக்கிழமைக்குத்தான் போட்டேன். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது.

கணக்கில் ஒரு பைசா தப்பினால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுகிறவன் நான். தப்பு என்னுடையதுதான். நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துவிட்டார்கள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார்கள். இன்றுவரை அந்தக் கேள்வி உறுத்துகிறது. ஆனால் ஒன்று. 'வெள்ளி பின்னிரவு, விடிந்தால் சனி' என்று ஒரு வரி அந்தத் திரையில் இருந்திருந்தால்? ஜங்ஷன் கிளார்க் சொல்லியிருப்பார். "சார், வெள்ளிக்கிழமை ராத்திரியே ஸ்டேஷனுக்கு வந்துருங்க" என்று.

அடுத்தது இந்த வெயிட்டிங் லிஸ்ட் பாஷை. நம் மக்கள் நிறையப் பேர் இதில் ஏமாறுவதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வண்டி கிளம்பும் ஊர்ப் பக்கத்திலிருந்து நெடுந்தூரம் போகிறவர்களுக்கான வரிசை ஜி.என். நடுவில் இருக்கும் முக்கியமான ஸ்டேஷன்களுக்குத் தனியாகக் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருப்பார்கள், அதன் வரிசை ஆர்.எல். சின்னச் சின்ன ஸ்டேஷன்களைச் சேர்த்து வைத்த பொதுப் பங்கு பி.கியூ. ஜி.என். வரிசையில் 20 என்பதும் ஆர்.எல். வரிசையில் 20 என்பதும் ஒன்றில்லை. முதலாவது பெரும்பாலும் நகர்ந்துவிடும். இரண்டாவது, அந்தச் சின்ன ஒதுக்கீட்டுக்குள் யாராவது ரத்து செய்தால்தான் நகரும். நடுவழியில் ஏறும் நமக்குப் பல சமயம் கிடைப்பது இந்த இரண்டாவது வகை. அதனால்தான் இங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மும்பையிலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறும் இடம் புனே என்று போடுவார்கள். பழைய தாள் படிவத்திலேயே ஏறும் இடத்துக்குத் தனி வரி உண்டு. இத்தனை அர்த்தமும் திரையில் இரண்டு ஆங்கில எழுத்தாக நிற்கிறது. இப்போது சில ஆப்கள் டிக்கெட் உறுதியாக எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று காட்டுகின்றன. நல்ல விஷயம், ஆனால் அது ஜோசியம்தான் என்பதை மறக்கக்கூடாது.

போன தீபாவளி லீவில் வீட்டிலேயே ஒரு சின்ன ஆடிட் நடத்தினேன். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று அதே நீல்சன் 2000இல் எழுதியிருக்கிறார். ஐந்து பேர்: தங்கமணி, பதினொன்றாவது படிக்கும் மகள், ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், எதிர் ஃபிளாட் மராத்திக் காக்கு, அப்புறம் நான். வேலை ஒன்றே: புனேயிலிருந்து திருநெல்வேலிக்கு இரண்டு பேர், ஒரு கீழ் பெர்த் கட்டாயம், பணம் கட்டும் பக்கம் வரை போக வேண்டும். எந்த ஆப் என்று சொல்லப்போவதில்லை.

மகள் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். ஆனால் ஆர்.ஏ.சி. என்றால் என்ன என்று கேட்டால் முழிக்கிறாள். ஒரே பெர்த்தில் இரண்டு பேர் உட்கார்ந்து வர வேண்டும் என்றதும், "அப்ப ஏம்பா பச்சையா காட்டுது?" என்றாள். கேள்வி நியாயமானது. தங்கமணி எல்லாம் சரியாகச் செய்தாள். ஆனால் கடைசித் தொகை எதிர்பார்த்ததை விட அதிகம். கேன்சல் செய்தால் முழுப்பணம் என்ற ஏதோ ஒரு திட்டம் தானாகவே டிக் ஆகி உட்கார்ந்திருந்தது. இதற்கெல்லாம் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறையே போட்டிருக்கிறது. கேட்காமல் கூடையில் பொருளைப் போடுவது, போலி அவசரம் காட்டுவது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது என்று 13 வகை தந்திரங்களை அதில் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

காக்கு முதலில் மராத்தி எங்கே என்று தேடினார், கிடைக்காமல் போனை என்னிடமே கொடுத்துவிட்டார். நான் தேதியை மூன்று முறை பார்த்தேன் (சூடு கண்ட பூனை). மாமனார்தான் பாவம். நடுவில் குதித்த விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி கண்ணுக்கே தெரியவில்லை. அவர் விளம்பரத்தைத் தட்ட, அது ஓட்டல் அறைக்குக் கூட்டிக்கொண்டு போக, திரும்பி வந்தால் நிரப்பிய பெயரெல்லாம் காணோம். கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்று ஒரு வசதி பக்கத்தின் அடியில் ஒளிந்திருந்தது. முதியவர்களுக்கு மிகவும் வேண்டிய அந்த ஒன்றைக் கண்டுபிடித்தது பதினாறு வயதுப் பெண் மட்டும்தான். மாமனார் போனைக் கீழே வைத்துவிட்டு, "நமக்கு இது ஆவாது மாப்ளே" என்று சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை.

அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகவே தெரியும். வேலை பார்க்கும் இடத்தில் தினமும் பார்க்கிறேன். கிளைக்கு வரும் வாடிக்கையாளரில் இத்தனை பேரை ஆப்புக்கு மாற்ற வேண்டும் என்று டார்கெட் உண்டு. பென்ஷன் வாங்க வரும் பெரியவரின் போனை வாங்கி, நானே ஆப்பை இறக்கி, நானே ஓ.டி.பி. பார்த்து, நானே பாஸ்வேர்டு போடச் சொல்லி, "இனிமே நீங்க இவ்வளவு தூரம் வர வேண்டாம் காகா" என்று அனுப்பியிருக்கிறேன். அவருக்கு இவ்வளவு தூரம் வருவதுதான் பிடித்திருந்தது என்பது அடுத்த மாதம் அவர் மறுபடியும் வந்தபோதுதான் புரிந்தது. போனை நீட்டி, "இது என்னவோ கேக்குது" என்றார். எங்கள் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு அதற்கு வசதி என்று பெயர் வைத்திருக்கிறோம். ரயில் டிக்கெட்டிலும் நடந்திருப்பது அதுவே. கிளார்க் பார்த்த வேலையை இப்போது நாம் பார்க்கிறோம், அதற்கு மேல் சேவைக் கட்டணமும் கட்டுகிறோம். 2016இல் நிறுத்தி 2019 செப்டம்பரில் திரும்ப வந்த கட்டணம் அது.

பேங்க் ஆள் என்பதால் ஒரு உபயோகமான தகவலும் சொல்லிவிடுகிறேன். பணம் போய், டிக்கெட் வராமல் நின்றுவிட்டால் பதற வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, இணையத்தில் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ கடைக்காரருக்குக் கட்டியது இப்படித் தொங்கினால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கேட்டு வாங்குங்கள்.

கெட்டிக்காரத்தனமான தந்திரக்காரர்களைத் தடுக்கப் போய் நல்லவர்களுக்கும் வேலி உயர்ந்துகொண்டே போவது இன்னொரு கதை. 1997இல் தத்கால் வந்தது அவசரத்துக்குப் போகிறவர்களுக்காக. பிறகு மென்பொருள் வைத்து நொடியில் அள்ளும் ஏஜெண்டுகள் வந்தார்கள். அவர்களைத் தடுக்கக் கோணல் எழுத்துப் படம் வந்தது. அதையும் தாண்டினார்கள். 2025 ஜூலை முதல் இணையத்தில் தத்கால் வேண்டுமென்றால் ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும், ஓ.டி.பி. வேண்டும், முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்கு அனுமதி இல்லை. இதை நான் வரவேற்கிறேன். பழைய லெட்ஜரில் பென்சில் எழுத்தை அழித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இவர்கள். ஆனால் ஆதாரோடு சரிபார்க்கும்போது நம் இனிஷியல் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் பின்னால். கே.ஒய்.சி. பார்த்தே முடி நரைத்தவன் சொல்கிறேன், ஊரில் இருக்கும் பெரியவர்களின் பெயரை எல்லாக் கார்டிலும் ஒரே மாதிரி ஆக்கி வையுங்கள்.

இன்னொன்றும் போய்விட்டது. வண்டி கிளம்பும் முன் பெட்டிக் கதவருகே ஒட்டும் சார்ட். 2018 மார்ச் முதல் பெரிய ஸ்டேஷன்களில் ஒட்டுவதை நிறுத்தினார்கள். காகிதம் மிச்சம், சரிதான். அப்பா அதில் விரல் வைத்துக் கீழே இறங்கி வந்து, எங்கள் பெயர் வந்ததும் நிறுத்துவார். பெயர் அங்கே இருக்கிறது என்றால் இடம் இருக்கிறது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. போன மாதம் தனியாகப் புனே வர ஆசைப்பட்டார். முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நின்றதிலிருந்து கவுண்டருக்குப் போகும் ஆசையே அவருக்குக் குறைந்துவிட்டது. "அப்பா, நான் ஆப்ல போட்டுடறேன், தேதி மட்டும் சொல்லுங்க" என்றேன். சரி என்று போனை வைத்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து ஒரு போட்டோ வந்தது.

கட்டுரை நோட்டிலிருந்து கிழித்த தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். வண்டி எண், பெயர், தேதி, வகுப்பு. பயணி பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆண், 76, கீழ் பெர்த். திரும்பும் பயணத்துக்குத் தனி வரி, அது காலியாக இருந்தது. தேதிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, 'புதன் ராத்திரி ஏறி, வெள்ளி அதிகாலை இறங்கணும், ஸ்டேஷனுக்கு வியாழன் ராத்திரியே வந்துரு' என்று எழுதியிருந்தார். கடைசியில் முகவரி, கையெழுத்து.

மேலே ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம். டாக்டரா என்று கேட்டிருந்தார். டிக் பண்ணவில்லை.